ஒற்றை மோஷி

என் பெயர் கலா. ஜப்பானியர் நாக்கில் ‘ல’ நிற்காது, ‘ர’ ஆகிவிடும். அதனால் அங்கே போய் இறங்கிய நாளிலிருந்து நான் ‘கரா’. அவர்கள் மொழியில் ‘கரா’ என்றால் காலி. கராத்தேயில் வருகிற கராவும் அதுதான், காலிக் கையால் போடுகிற சண்டை. முதல் நாள் கரும்பலகையில் பெயரை எழுதிவிட்டுத் திரும்பினால் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்கள். காரணம் பிறகுதான் தெரிந்தது. அவர்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க இலுப்பூரிலிருந்து காலி டீச்சர் வந்திருக்கிறாள்.

எங்கள் தெருவில் வெளிநாடு என்றால் துபாய், சிங்கப்பூர், மிஞ்சிப்போனால் மலேசியா. நான் ஜப்பான் என்றதும் அம்மா, அங்கிட்டு நமக்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்டாள். யாரும் இல்லை என்றேன். வெள்ளைக்காரனை விட்டுவிட்டு இங்கிலீஷ் நடத்த உன்னை எதற்குக் கூப்பிடுகிறான் என்பது அடுத்த கேள்வி. அந்த ஊர்ப் பெற்றோர் முகத்திலும் அதே கேள்வி இருந்தது. மரியாதைக்காக வாய்விட்டுக் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

வேலையின் பெயர் உதவி ஆசிரியை. புதுக்கோட்டையில் ஒரு தனியார் பள்ளியில் இலக்கணத்தைக் கரைத்துப் புகட்டிக்கொண்டிருந்தவள் நான். இங்கே எனக்கு டேப் ரிக்கார்டர் வேலை. உண்மையான இங்கிலீஷ் ஆசிரியர் ஒகாவா என்பவர். அவர் கையைக் காட்டினால் நான் ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும், பிள்ளைகள் அதைத் திருப்பிச் சொல்வார்கள். ‘ஹலோ’ என்று நான் ஒரு தரம், ‘ஹலோ’ என்று அவர்கள் ஒரு தரம். என் குரலே போய்ப் போய்த் திரும்பி வரும். சில நாள் மத்தியானத்துக்கு மேல் நிஜமாகவே காலியாகிவிட்டதுபோல இருக்கும்.

அது மலைக்குள் இருக்கிற சின்ன ஊர். ஐந்நூறு பிள்ளைகளுக்காகக் கட்டிய பள்ளிக்கூடத்தில் இப்போது ஒரு வேனில் அடங்குகிற கூட்டம்தான். மாடி முழுக்கப் பூட்டிய வகுப்பறைகள். உள்ளே மேசை நாற்காலி எல்லாம் வரிசை கலையாமல் இருக்கின்றன. வாரம் ஒரு தடவை பிள்ளைகள் அந்த அறைகளைத் திறந்து கூட்டித் துடைப்பார்கள். வெளியே வரும்போது ஆளில்லாத மேசைகளைப் பார்த்துக் குனிந்து ஒரு வணக்கம் வைத்துவிட்டுக் கதவைச் சாத்துவார்கள். யாருக்கு வணக்கம் என்று கேட்டேன். ஒரு பெண் கொஞ்சம் யோசித்துவிட்டு, அறைக்கு என்றாள்.

மத்தியானச் சாப்பாடு பள்ளியிலேயே. ஆசிரியர், பிள்ளை எல்லாருக்கும் ஒரே தட்டு. சோறு, மீன், ஒரு கிண்ணம் சூப்பு, கூடவே ஒரு பாட்டில் பால். மீனையும் பாலையும் சேர்த்துச் சாப்பிட்டால் உடம்பில் தேமல் விழும் என்று சொல்லி வளர்க்கப்பட்டவள் நான். முதல் வாரம் பால் பாட்டிலைப் பையில் போட்டு வீட்டுக்குத் தூக்கி வந்து டீ போட்டேன். அழுகவைத்த சோயா மொச்சை ஒன்று தருவார்கள், குச்சியால் எடுத்தால் வெண்டைக்காய் மாதிரி நூல் நூலாக இழுக்கும். அதை மட்டும் இன்றுவரை என்னால் விழுங்க முடியவில்லை.

ரயிலைப் பற்றியும் சொல்லவேண்டும். அந்த ஊர்ப் பக்கம் ஓடுவது ஒற்றைப் பெட்டி ரயில். ஸ்டேஷனில் ஆள் கிடையாது. ஆளில்லாத ஸ்டேஷனில் முன் கதவு மட்டும்தான் திறக்கும் என்பது எனக்குத் தெரியாது. பின் கதவுக்கு முன்னால் பையும் கையுமாக நின்றுகொண்டே இருந்தேன், என் ஊர் வந்து, நின்று, போயும் விட்டது. நம் ஊர் பஸ்ஸாக இருந்தால் கண்டக்டர் முதல் கடைசி சீட்டு ஆத்தா வரை பத்துப் பேர் கத்தியிருப்பார்கள். இங்கே பெட்டியில் இருந்த இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தார்கள்.

அடுத்த ஸ்டேஷனில் இறங்கினால் ஒரு பெஞ்சு, ஒரு கடிகாரம், சுற்றிலும் தேவதாரு மரங்கள். சாயங்காலம் ஐந்து மணி. எங்கிருந்தோ ஒலிபெருக்கியில் தாலாட்டுப் போல ஒரு பாட்டு வந்தது. நம் ஊரில் ஆடி மாதம் விடிவதற்கு முன்னாலேயே குழாய் கட்டி அலறவிடுவார்களே, அப்படி இல்லை. இது மெதுவாக, சோகமாக வந்தது. பாட்டு முடிந்ததும் ஒரு பெண் குரல் நிறுத்தி நிறுத்தி ஏதோ அறிவித்தது. ஒவ்வொரு மலையிலும் ஒரு குழாய் இருப்பதால் ஒரே வார்த்தை இந்த மலையில் ஒரு தரம், அந்த மலையில் ஒரு தரம், அதற்கும் அப்பால் ஒரு தரம் என்று பிந்திப் பிந்தி வந்தது. எனக்குப் புரிந்தது ‘வெள்ளை முடி’ என்ற சொல் மட்டும்தான்.

மறுநாள் ஒகாவா விளக்கினார். பிள்ளைகள் வீட்டுக்குப் போகவேண்டிய நேரம் என்பதற்கு அந்தப் பாட்டு. மறதி நோய் வந்த வயதானவர்கள் வீட்டைவிட்டு இறங்கிப் போய்விட்டால், அடையாளம் சொல்லித் தேடுவதும் அதே குழாயில்தான். அநேகமாகக் கிடைத்துவிடுவார்கள் என்றார். கிடைக்காதவர்கள் என்ன ஆவார்கள் என்று கேட்டேன். டீ குடிக்கிறீர்களா என்று கேட்டார்.

எனக்குக் கொடுத்திருந்த வீடு ஊர்க் கோடியில் இருந்தது. ஒரே ஒரு பக்கத்து வீடு. அங்கே ஹராதா அம்மா, எழுபதைத் தொட்டவர். நம் குட்டியானை வண்டியில் பாதி இருக்கிற ஒரு வெள்ளை லாரியைத் தானே ஓட்டிக்கொண்டு வயலுக்குப் போவார். உப்பில் ஊறிய மஞ்சள் முள்ளங்கியைக் கொண்டுவந்து கொடுத்தார். பதிலுக்கு நான் மிளகு ரசம் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு, கண்ணில் தண்ணீர் வழிய, மருந்து நன்றாக இருக்கிறது என்றார். அவர் பேசியது மலைநாட்டு ஜப்பானியம், நகரத்து ஜப்பானியருக்கே பாதி விளங்காது. அதனால் இதில் அவர் பேச்சை எங்கள் ஊர்ப் பேச்சாகவே எழுதுகிறேன், அதுதான் பொருத்தம்.

அவர் வீட்டுக்காரர் டெலிபோன் கம்பெனியில் இருந்து ஓய்வு பெற்றவர். நான் போகிறபோதெல்லாம் டிவி முன்னால் உட்கார்ந்திருப்பார். டிவி அணைத்திருந்தாலும் அப்படியே உட்கார்ந்திருப்பார். பேசி நான் கேட்டதில்லை.

அக்டோபர் கடைசியில் ஒருநாள். ஐந்து மணிப் பாட்டு முடிந்து வெளியே மங்கல் வெளிச்சம், உள்ளே சோறு கொதித்துக்கொண்டிருந்தது. சமையலறைப் பின்கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு ஆண் குரல் மெதுவாக, “மோஷி” என்றது.

டெலிபோனை எடுத்ததும் நாம் ஹலோ என்கிறோமே, அதற்கு அவர்கள் ‘மோஷி மோஷி’ என்பார்கள். எப்போதும் இரண்டு தரம். ஒற்றையாக நான் கேட்டதே இல்லை. கரண்டியோடு அப்படியே நின்றேன். குரல் மறுபடி வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்தேன். பழைய டெலிபோன் கம்பம் ஒன்று, விறகுக் கொட்டகை, அவ்வளவுதான். இரண்டு நாள் விட்டு அதே நேரத்தில் மறுபடி ஒரு மோஷி. பிறகு அடுத்த வாரமும்.

வீடியோ காலில் அம்மாவிடம் சொன்னேன். எதற்கெடுத்தாலும் ஏசுகிறவள், அன்றைக்குக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “பதில் சொன்னியா?”

இல்லை என்றேன்.

“சொல்லிராத ஆத்தா. விளக்கு வைக்கிற நேரத்துல ஒரு தரம் கூப்புட்டா வாயத் தொறக்கக் கூடாது. மூணு தரம் கூப்புட்டாத்தான் மனுசன். ஒத்தக் கொரலுக்கு ‘ம்’ கொட்டுனாலும் கூடவே கூட்டிட்டுப் போயிரும்.”

நம் ஊர்ச் சட்டம் ஜப்பான் பேய்க்குச் செல்லுமா என்று கேலி செய்தேன். அம்மா சிரிக்கவில்லை. மறுநாள் ஆசிரியர் அறையில் ஒகாவாவிடம் இதை வேடிக்கைக் கதையாகச் சொல்ல ஆரம்பித்தேன். பாதியிலேயே அவர் திருத்திக்கொண்டிருந்த தாளைக் கீழே வைத்தார்.

“பேயால் ஒரு தடவைதான் மோஷி சொல்ல முடியும் என்பார்கள். அதனால்தான் நாங்கள் இரண்டு தடவை சொல்கிறோம், நான் மனிதன் என்று காட்ட. நீங்கள் பதில் சொன்னீர்களா?”

இல்லை என்றதும் தலையசைத்துவிட்டுத் தாளை எடுத்துக்கொண்டார். கல்லூரியில் படித்தவர், கம்ப்யூட்டர் பாடமும் நடத்துகிறவர், அவர் முகத்தில் தெரிந்த நிம்மதியைப் பார்த்துத்தான் எனக்கு முதல்முறையாகப் பயம் வந்தது. இலுப்பூரும் இந்த மலையும் எந்தக் காலத்தில் கூடிப் பேசி இப்படி ஒரு முடிவுக்கு வந்தன என்று தெரியவில்லை. கணக்கில்தான் வித்தியாசம். அவர்களுக்கு இரண்டு, நமக்கு மூன்று. அதன்பிறகு சாயங்காலம் ஐந்து மணி ஆனால் ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொள்வேன்.

டிசம்பரில் பனி கொட்ட ஆரம்பித்தது. நான் பனியைப் படத்தில் பார்த்தவள். நேரில் பார்த்தால் அழகைவிட அதன் அமைதிதான் ஆளை அடிக்கிறது. நாய் குரைத்தால்கூடப் பஞ்சுக்குள் குரைத்த மாதிரி கேட்கும். மண்ணெண்ணெய் லாரி ஒன்று குழந்தைப் பாட்டுப் போட்டுக்கொண்டு வரும், யார் வாங்கினார்கள் என்று தெரியாமலே பாட்டு மலைக்குள் போய்விடும்.

அப்படி ஒரு நாளில் ஐந்து மணிப் பாட்டுக்குப் பின்னால் அந்தப் பெண் குரல் வந்தது. இப்போது எனக்குக் கொஞ்சம் மொழி வந்திருந்தது. எழுபத்தைந்து வயது ஆண், வெள்ளை முடி, பழுப்பு ஸ்வெட்டர். கடைசியில் பெயர் சொன்னார்கள், ஹராதா. மலைகள் மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக அந்தப் பெயரைச் சொல்லி முடித்தன. ஜன்னலில் பார்த்தேன். ஹராதா அம்மாவின் லாரி, விளக்கைப் போட்டுக்கொண்டு ஆற்றுப் பக்கம் விரைந்து போய்க்கொண்டிருந்தது. நாலைந்து பேர் டார்ச் லைட்டோடு அவர் பின்னால் ஓடினார்கள்.

நான் கோட்டை மாட்டிக்கொண்டு முன்வாசலுக்கு வந்தேன். அப்போது பின்னால் கேட்டது.

“மோஷி.”

ஒற்றையாகத்தான் கேட்டது. அம்மா சொன்னதும் ஒகாவா சொன்னதும் ஒன்றாக நினைவுக்கு வந்தன. இரண்டாவது கூப்பாட்டுக்காகக் காத்திருந்தேன், வரவில்லை. வெளியே பனி விழுந்துகொண்டிருந்தது. எழுபத்தைந்து வயது, ஸ்வெட்டர் மட்டும். எந்தப் பிசாசாக இருந்தாலும் இருந்துவிட்டுப் போகட்டும் என்று தோன்றியது.

“யாரு? இந்தா வாரேன்,” என்று தமிழில் கத்திக்கொண்டு பின்கதவைத் திறந்தேன்.

கம்பத்துக்கும் விறகுக் கொட்டகைக்கும் நடுவே பெரியவர் உட்கார்ந்திருந்தார். ஒரு காலில் வீட்டுச் செருப்பு, இன்னொரு கால் வெறும் கால். கம்பத்தில் முன்பு வயர் இறங்கிய இடத்தில் காதை வைத்துச் சாய்ந்திருந்தார். உதடு நீலம் பாய்ந்திருந்தது. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. இணைப்பு கிடைத்துவிட்டது என்று சொன்னார்.

ஆஸ்பத்திரியில் இருந்து அவரைத் திரும்பக் கூட்டிவந்த அன்று ஹராதா அம்மா விவரம் சொன்னார். பெரியவர் லைன்மேனாக இருந்தவர். அந்த மலைக்கெல்லாம் அவர்தான் கம்பம் ஏறி இணைப்புக் கொடுத்தார். மேலே இருந்தபடியே மோஷி மோஷி என்று கூப்பிட்டு, மறுமுனையில் பதில் வந்தால்தான் இறங்குவார். என் வீட்டுப் பின்னால் இருப்பது அவர் முதன்முதலில் ஏறிய கம்பம். சாயங்காலம் ஹராதா அம்மா வயலில் இருந்து திரும்புவதற்குள் அங்கே வந்துவிட்டுப் போகிறார் என்பது யாருக்கும் தெரியாது. பதில் வராத நாளில் தானாகவே வீட்டுக்குத் திரும்பிவிடுவார். அன்று பனியில் வழி தெரியவில்லை.

ஏன் ஒற்றை மோஷி என்று கேட்டேன்.

“முன்னாடி ரெண்டு தரம் சொன்னவருதான். இப்ப மொதத் தரம் சொன்னதுமே, எதுக்குக் கூப்புட்டோம்னு மறந்துருதுல்ல,” என்றார். சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். “ஒத்தையாக் கூப்புட்டாலும் பதில் சொல்லுங்க. அது அவருதான்.”

அந்தக் குளிர்காலம் முழுக்கப் பதில் சொன்னேன். ஐந்து மணிக்கு ஹராதா அம்மாவே அவருக்குக் கோட்டும் பூட்ஸும் மாட்டிக் கூட்டிவருவார். கம்பத்தடியில் பெரியவர் மோஷி என்பார். நான் சமையலறையில் இருந்து “ஹாய்” என்பேன், அவர்கள் மொழியில் அதற்கு ‘ஆமாம்’ என்று அர்த்தம். லைன் சரியாக இருக்கிறது என்று அவர் திருப்தியாகத் திரும்புவார். பகலெல்லாம் நான் சொன்னதைப் பிள்ளைகள் திருப்பிச் சொல்லக் கேட்டவளை ஒரு மனிதர் கூப்பிட்டு, அதற்கு நான் பதில் சொன்னது அந்தக் கம்பத்தடியில்தான். அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை.

ஏப்ரலில் பெரியவர் தூக்கத்திலேயே போய்விட்டார். சாவு வீட்டில் ஊதுபத்தி வாசனை நம் ஊர் மாதிரியே இருந்தது. புறப்படும்போது எல்லார் கையிலும் ஒரு கவரும் அதற்குள் சின்னதாய் ஒரு பொட்டலமும் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து வழக்கப்படி தலைமுழுகினேன். பொட்டலத்தைப் பிரித்தால் உப்பு. நல்ல வெள்ளை உப்பு. அன்றைக்கு வைத்த தக்காளி ரசத்துக்கு அதைத்தான் போட்டேன்.

அது சமையலுக்கான உப்பு இல்லை. இறந்தவர் பின்னாலேயே வந்துவிடாமல் இருக்க, வாசல்படி ஏறுவதற்கு முன் மேலே தூவிக்கொள்கிற உப்பு. நான் தூவாமல் உள்ளே கொண்டுவந்து, கொதிக்கவைத்துக் குடித்திருக்கிறேன். இதை ஒகாவா சொல்லித் தெரிந்துகொண்டது மறுநாள். ஆனால் ரசம் வைத்த அன்று சாயங்காலமே, பாட்டு முடிந்ததும், பின்கதவுக்கு அந்தப் பக்கம் கேட்டுவிட்டது.

“மோஷி.”

பழகிய தோஷம், ‘ஹாய்’ தொண்டை வரை வந்தது. பல்லைக் கடித்து நிறுத்தினேன். ஜன்னலில் கம்பம் மட்டும் தெரிந்தது. அவர் குரல் எனக்குத் தெரியாதா? பயத்தைவிட அழுகைதான் வந்தது. கூப்பிட்டுவிட்டுக் காத்திருக்கிறாரே, இணைப்பு கிடைக்கவில்லை என்று நினைப்பாரே என்றுதான் இருந்தது.

ஹராதா அம்மாவிடம் உப்புக் கதையைச் சொன்னேன். முதலில் விழுந்து விழுந்து சிரித்தார். பெரியவருக்கு எப்போதும் உப்புத் தூக்கலாக இருக்கவேண்டும் என்றார். பிறகு குரலைப் பற்றிச் சொன்னதும் சிரிப்பு நின்றது.

“ஒங்களுக்கும் கேக்குதா?” என்றார். அவருக்கும் கேட்டிருக்கிறது, அவர் வீட்டுப் பின்வாசலில்.

“நீங்க பதில் சொல்லிராதீங்க. நீங்க சின்னப் பொண்ணு, ஒங்களுக்கு ஊர் இருக்கு, ஆத்தா இருக்கா. நான் சொல்லிக்கிறேன்.”

பதில் சொன்னால் கூடவே கூட்டிப் போய்விடும் என்று எங்கள் ஊரில் சொல்வார்கள் என்றேன். எங்கள் ஊரிலும்தான் என்று சொல்லிவிட்டு முள்ளங்கியை நறுக்க ஆரம்பித்தார். அன்று சாயங்காலம் நான் ரேடியோவை அணைத்துவிட்டுக் காத்திருந்தேன். என் வீட்டில் ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்து வீட்டுப் பின்வாசலில் ஹராதா அம்மாவின் குரல் மட்டும், தெளிவாக, “ஹாய்” என்றது. அதற்குப் பிறகு என் கதவுக்கு அந்தக் குரல் வரவே இல்லை.

ஜூலைக் கடைசியில் விடுமுறைக்கு ஊருக்குக் கிளம்பினேன். ஹராதா அம்மா ஸ்டேஷன்வரை லாரியில் கொண்டுவந்து விட்டார். வழியில் ஒரு திருப்பத்தில் வண்டியை நிறுத்தி, எங்கே போகிறோம் என்று கேட்டார். வெயிலில் களைத்துப் போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். ரயிலில் இந்தமுறை முன் கதவுப் பக்கமே உட்கார்ந்தேன்.

இலுப்பூர் வந்து ஒரு வாரம். ஆடி வெயில், மத்தியானம், தெருவில் ஆள் நடமாட்டம் இல்லை. அம்மா கருவாட்டுக் குழம்பு வைத்துச் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். போன் அடித்தது. ஹராதா அம்மாவின் எண். கையெல்லாம் குழம்பாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டேன். பின்னணியில் அந்த ஐந்து மணிப் பாட்டு கேட்டது. நமக்கு ஒன்றரை என்றால் அவர்களுக்கு ஐந்து. பாட்டு முடிந்தது. வேலிக்கு மேலே எட்டிப் பார்த்துப் பேசினாலும் மோஷி மோஷி என்று இரண்டு தரம் சொல்லித்தான் பேச்சைத் தொடங்குவார் அவர்.

“மோஷி,” என்றது ஹராதா அம்மாவின் குரல்.

அம்மாவின் கை சோற்றில் நின்றது. நான் ஸ்பீக்கரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இரண்டாவது வரவில்லை. யாரோ மூச்சு விடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

“ஒரு தரம்தானே கேட்டுச்சு,” என்றாள் அம்மா. அவளுக்கு ஜப்பானிய மொழி தெரியாது, இது தெரியும். “வையி ஆத்தா. வச்சுரு.”

வைக்கவில்லை. அந்த மலையில் அவருக்குப் பக்கத்து வீடு என்று இருந்தது என் வீடு ஒன்றுதான். அது பூட்டிக் கிடக்கிறது.

“ஹாய்,” என்றேன். “கலாதான் பேசுறேன். கேக்குது, சொல்லுங்க.”

பிறகு, இப்போதுதான் எண்ணைப் போட்டு முதல்முறையாகக் கூப்பிடுகிறவர்போல, மறுபடி வந்தது.

“மோஷி.”

“ஹாய்,” என்றேன். அம்மா என் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு, என் முழங்கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.